ஆறினது வேறு, ஊறினது வேறு

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும், வலது கை நீங்கலாக உங்கள் மகளும் நலம். அங்கே நீங்களும், முழங்கால் நீங்கலாகச் சம்பந்தி அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் மகன், அதாவது உங்கள் மாப்பிள்ளை, போன வாரம் கப்பலிலிருந்து பேசினான். அவனும் நலம், கப்பலும் நலம், இரண்டும் திரும்பி வர இன்னும் நான்கு மாதம் ஆகுமாம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. "கை உடைந்த பெண்ணை ஒற்றை மாமனாரை நம்பி விட்டுவைக்க எனக்கு மனமில்லை. வரும் இருபதாம் தேதி வேன் எடுத்துக்கொண்டு வருகிறேன். அந்தக் காபிக் கடையை மூடிவிட்டு என் மகளை அழைத்துப் போகிறேன்" என்று எழுதியிருந்தீர்கள். 'ஒற்றை மாமனார்' என்ற இடத்தில் சுருக்கென்றது, மறைக்கவில்லை. ஆனால் முழுவதும் படித்த பிறகு நீங்கள் சொல்வதுதான் நியாயம் என்று பட்டது. தாராளமாக வாருங்கள், அழைத்துப் போங்கள். நீங்கள் பாதி வழியில் மனம் மாறிவிடக் கூடாதே என்றுதான் இங்கே பத்து நாளாக நடக்கிற கூத்தை ஒன்று விடாமல் எழுதுகிறேன். போனில் சொல்லலாம்தான். சொன்னால் நீங்கள் நடுநடுவே பேசுவீர்கள்.

உங்கள் மகளின் கடை எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். ஏழு மாடி அலுவலகக் கட்டடம், கீழ்த்தளத்தில் லிப்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை, ஒரு ஃப்ரிட்ஜ், ஒரு மெஷின், நிற்க மட்டும் இடம். அங்கேதான் ஐஸ் உருகின தண்ணீரில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். டாக்டர் மாவுக்கட்டு போட்டு, கையைத் தூக்கியே வைத்துக்கொண்டு பத்து நாள் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்றார். அன்றைக்குச் சாயங்காலமே கட்டட மேனேஜர் போன் செய்தார். "கடை பூட்டியே கெடந்தாலும் சரி, ஒரே ஒரு புகார் வந்தாலும் சரி, அந்த எடத்துல பட்டன அமுக்குனா காபி வர்ற மெஷின வச்சிருவேன்மா" என்றார். இவள் போனை வைத்துவிட்டு மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் கடையை வைக்க அவள் எத்தனை படி ஏறி இறங்கினாள் என்று எனக்குத் தெரியும். மனசு கேட்கவில்லை. "நான் போறேன்" என்று சொல்லிவிட்டேன். யாரும் கேட்கவில்லை சம்பந்தி. நானாகத்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

முப்பத்தோரு வருஷம் துணி ஆலையில் பாய்லர் ஓட்டியவன் நான். எனக்குச் சூடு தெரியும், நீராவி தெரியும். மணிக்கொரு தரம் அழுத்தம் எவ்வளவு, தண்ணீர் மட்டம் எவ்வளவு என்று லாக் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடத் தெரியும். பாய்லர் ஆறிப்போனால் ஆலையே நின்றுபோச்சு என்று அர்த்தம். அப்படிப்பட்டவன் குளிர்ந்த காபி விற்கப் போனால் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், இதுவரை உங்களிடம் சொன்னதில்லை. கல்யாணமான மூன்றாம் நாள் காலையில் உங்கள் மகள் எனக்கு ஒரு கண்ணாடி கிளாஸில் காபி கொண்டு வந்தாள். வாங்கினேன். ஜில்லென்று இருந்தது. வீட்டுக்கு வந்த ஆளை வேண்டாத விருந்தாளியாக நினைத்தால்தானே ஆறின காபி கொடுப்பார்கள்? "என்னம்மா, ஆறிப்போச்சே. சுட வச்சுக் கொண்டா" என்றேன். அவள் உள்ளே போய்ச் சுட வைத்துக் கொண்டு வந்தாள். வாயில் வைக்க விளங்கவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தேன், அதையும் அவள் பார்த்தாள். அதோடு சரி. அதற்குப் பிறகு ஒன்றரை வருஷமாக எனக்கு அவள் காபி கொடுத்ததில்லை, நானும் கேட்டதில்லை. சண்டை எல்லாம் கிடையாது. "கேஸ் தீந்துபோச்சு", "தபால் வந்திருக்கு", "கதவ சாத்திக்கம்மா", இவ்வளவுதான் எங்கள் பேச்சு. உங்கள் மாப்பிள்ளை கப்பல் ஏறின பிறகு அதிலும் பாதி குறைந்துவிட்டது.

சரி, முதல் நாளுக்கு வருகிறேன். காலையில் கடையைத் திறந்தேன். மெஷினைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. சின்னதுதான், ஆனால் அழுத்தமானி இருக்கிறது, நீராவிக் குழாய் இருக்கிறது, ஒன்பது பார் வரைக்கும் முள் ஏறுகிறது! இவ்வளவு அருமையாக நீராவியை வைத்துக்கொண்டு கடைசியில் கொண்டுபோய் ஐஸில் ஊற்றுகிறார்களே என்று வயிறு எரிந்தது. பிறகு ஃப்ரிட்ஜைத் திறந்தேன். உள்ளே பெரிய ஜாடி நிறையக் கறுப்பாக ஏதோ தண்ணீர், அடியில் சேறு மாதிரி காபித்தூள். ஐயோ பாவம், விழுந்த அவசரத்தில் பிள்ளை கழுவாமல் விட்டுவிட்டாளே என்று அத்தனையையும் தொட்டியில் கொட்டி, ஜாடியைப் பளபளவென்று தேய்த்துக் கவிழ்த்து வைத்துவிட்டு, பெருமையாகப் போன் செய்தேன்.

"ஜாடிய நல்லா கழுவி வச்சுட்டேம்மா."

"மாமா... அது பதினெட்டு மணி நேரம் ஊறினது" என்றாள்.

"அதான் பாத்தேன். அவ்வளவு நேரம் ஊறினதாலதான் அழுக்கு சட்டுனு போச்சு" என்றேன்.

அன்றைக்கு முழுவதும் மூன்றாம் மாடி மேடம் என்னை மன்னிக்கவில்லை. அந்த அம்மாவுக்குக் காலையில் ஒரு கோல்ட் ப்ரூ குடித்தால்தான் கை ஓடுமாம். அந்த ஜாடியில் இருந்ததுதான் கோல்ட் ப்ரூவாம். அடுத்து வந்த பையன் ஐஸ்டு லாட்டே கேட்டான், அதற்கடுத்தவர் ஐஸ்டு அமெரிக்கானோ கேட்டார், ஒரு பெண் ஃப்ராப்பே கேட்டாள். எல்லாருக்கும் நான் சுடச்சுடக் காபி போட்டு இரண்டு ஐஸ் கட்டியைப் போட்டுக் கொடுத்தேன். எல்லாம் காபி, எல்லாம் ஜில்லு, இதில் என்ன வித்தியாசம்? ஃப்ராப்பே கேட்ட பெண் இருமிக்கொண்டே நின்றாள். "இந்த இருமலோட ஐஸா? வீட்ல யாரும் சொல்ல மாட்டாங்களா?" என்று வெந்நீர் கொடுத்து அனுப்பினேன். சம்பந்தி, நீங்களே சொல்லுங்கள், இது தப்பா?

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் உங்கள் மகள் சாப்பாட்டு மேஜையில் ஒரு காகிதத்தை விரித்து, இடது கையால் கோணல்மாணலாக ஐந்து கிளாஸ் வரைந்து வைத்திருந்தாள். வாத்தியாரம்மா மாதிரி பாடம் நடத்தினாள். எனக்கோ அந்தப் பெயர்கள் எதுவும் தலையில் நிற்கவில்லை. லாட்டே என்றால் அமெரிக்கானோவைக் காட்டுகிறேன், அமெரிக்கானோ என்றால் ஜன்னலைக் காட்டுகிறேன். "பேர விடும்மா. என்ன செய்யறன்னு தமிழ்ல சொல்லு" என்றேன். அவள் யோசித்து யோசித்துச் சொன்னாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

சூடாகப் போட்ட காபியை ஆற வைத்து ஐஸில் ஊற்றினால் அது ஐஸ் காபி. அதாவது ஆறினது. மெஷினில் இறங்குகிற கெட்டி டிகாக்ஷனில் குளிர்ந்த பாலும் ஐஸும் சேர்த்தால் லாட்டே, பாலுக்குப் பதில் குளிர்ந்த தண்ணீர் சேர்த்தால் அமெரிக்கானோ. ஐஸையும் பாலையும் காபியையும் மிக்ஸியில் போட்டு நுரைக்க நுரைக்க அடித்தால் ஃப்ராப்பே. கோல்ட் ப்ரூ இருக்கிறதே, அது இந்தக் கூட்டத்திலேயே சேராது. அதற்கு அடுப்பும் கிடையாது, நீராவியும் கிடையாது. கரகரவென்று அரைத்த தூளைப் பச்சைத் தண்ணீரில் போட்டு மதியம் இரண்டு மணிக்கு மூடி வைத்தால் மறுநாள் காலை எட்டு மணிக்கு வடிகட்டி எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் ருசி வராது. அது ஊறினது.

"அப்ப ஆறல், பாலாறல், தண்ணியாறல், அடிச்சது, ஊறல். அவ்வளவுதானே?" என்றேன்.

உங்கள் மகள் சிரித்தாள். ஒன்றரை வருஷத்தில் என் எதிரே அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். முன்பல் ஒன்று லேசாகத் தூக்கியிருக்கும் போலிருக்கிறதே, உங்களுக்குத் தெரியும்தானே?

அடுத்த நாளிலிருந்து நான் கில்லாடி ஆகிவிட்டேன். பழைய வழக்கத்தை விடாமல் ஒரு லாக் புத்தகம் போட்டேன். ஊறல் போட்ட நேரம், எடுத்த நேரம், ஃப்ரிட்ஜ் எத்தனை டிகிரி, யார் எத்தனை குடித்தார்கள், கடைசியில் என் கையெழுத்து. இருமல் பெண் தேறி வந்ததும் அவளுக்கு அடிச்சது கொடுத்தேன். "இவருக்கு ஒரு அடிச்சது" என்று அவள் தன் அதிகாரியைக் காட்டிச் சொன்னபோது வரிசையே சிரித்தது. வாசலில் ஒரு கரும்பலகை சும்மா கிடந்தது. பாய்லர் அறையில் எச்சரிக்கைப் பலகை எழுதிப் பழகிய கை என்னுடையது. ஒன்பதாம் நாள் காலை முத்து முத்தாக எழுதி வாசலில் நிறுத்தினேன்:

"இன்றைய ஊறல் தயார். பதினெட்டு மணி நேரம் ஊறியது. தீர்வதற்குள் வாங்கிக்கொள்ளவும்."

தவறு என்ன என்று உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. இரண்டாம் மாடிக்கு அன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்த ஒருவர் பலகையைப் படித்து வெலவெலத்துப்போய், கட்டடத்துக்குள்ளேயே சாராய ஊறல் போட்டு விற்கிறார்கள் என்று போலீசுக்கும் போன் செய்துவிட்டார், மேனேஜருக்கும் போன் செய்துவிட்டார். அரை மணி நேரத்தில் ஒரு இன்ஸ்பெக்டரும் ஒரு கான்ஸ்டபிளும் வந்து நின்றார்கள். பின்னாலேயே மேனேஜர், முகத்தில் ஈயாடவில்லை.

"யோவ் பெரியவரே, ஊறல் போடறது நீதானா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

வாடிக்கையாளர் என்று நினைத்துக்கொண்டேன். "ஆமா சார், நான்தான். ஒரு வாரமாத்தான் பழகியிருக்கேன். எங்க மருமக ஒரு வருஷமா போடறா" என்றேன்.

"குடும்பத் தொழிலா? பேரல் எல்லாம் எங்க?"

"பேரல் எல்லாம் இல்ல சார், ஒரே ஒரு ஜாடிதான். இன்னும் அவ்வளவு பெருசா வளரல."

"யார் யாருக்கு விக்கற?"

"எல்லா மாடிக்கும் போகுது சார். மூணாவது மாடி மேடத்துக்குக் காலையிலயே ஒண்ணு உள்ள போகலன்னா கை ஓடாது. சந்தேகம்னா லாக் புத்தகம் பாருங்க" என்று எடுத்து நீட்டினேன்.

அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "பதினெட்டு வருஷ சர்வீஸ்ல, நேரம் போட்டுக் கையெழுத்தும் போட்டு ஆதாரத்த நீட்டற ஆள இப்பத்தான்யா பாக்கறேன்" என்றார். கான்ஸ்டபிள் ஃப்ரிட்ஜைத் திறந்து ஜாடியைத் தூக்கினார். அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. புகார் வந்துவிட்டது. ஒரே ஒரு புகார் என்றுதானே அந்த மேனேஜர் சொன்னார்? அவள் கடை என் கையெழுத்தால் போயிற்று.

யாரோ போன் செய்திருக்கிறார்கள், உங்கள் மகள் ஆட்டோவில் வந்து இறங்கினாள். மாவுக்கட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தலை கூட வாராமல். "சார், அது காபி சார். குடிச்சுப் பாருங்க" என்றாள். இன்ஸ்பெக்டர் முகர்ந்து பார்த்தார். ஒரு கிளாஸில் ஊற்றி வாயில் வைத்தார். வைத்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா?

"காபிதான். ஆனா ஆறிப்போச்சேம்மா. சுட வச்சுக் குடுத்தா என்ன?"

எனக்கு வந்ததே ஒரு கோபம்! போலீஸ் என்றும் பார்க்கவில்லை. "சார், தெரியாமப் பேசாதீங்க. அது ஆறினது இல்ல, ஊறினது. ஆறினது வேற, ஊறினது வேற. பொழுதுக்கும் கண்ணுல வெளக்கெண்ண ஊத்திக்கிட்டு நேரம் பாத்து எடுத்தது. அத சுட வச்சா வாயில வைக்க முடியாது. ஒரு பொண்ணு மெனக்கெட்டுப் பண்ணிக் கொண்டாந்து குடுத்தா, என்ன ஏதுன்னு கேக்காம ஆறிப்போச்சுங்கறதா?" என்று கத்திவிட்டேன். கத்தின பிறகுதான் நான் யாரிடம் கத்துகிறேன் என்று தெரிந்தது. இன்ஸ்பெக்டரிடம் இல்லை. உங்கள் மகள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். அடங்கி ஒடுங்கி இன்னொரு வாய் குடித்தார், மீதியையும் குடித்தார், கான்ஸ்டபிளுக்கும் ஒன்று கேட்டார். இதற்குள் மூன்றாம் மாடி மேடம் இறங்கி வந்து, பின்னால் ஐந்தாம் மாடி, ஏழாம் மாடி என்று வரிசை லிப்ட் வரைக்கும் போய்விட்டது. எல்லாருக்கும் ஊறல்தான் வேண்டுமாம். மேடம் மேனேஜரைப் பார்த்து, "உங்க மெஷின் ஊறல் போடுமா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். மேனேஜர் தலையைச் சொறிந்தார். "கடை இருக்கட்டும்மா. பலகையில அந்த ஒரு வார்த்தைய மட்டும் அழிச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அழித்துவிட்டேன். வாயில் இருப்பதை யார் அழிப்பது? இன்று காலை ஸ்டேஷனிலிருந்து கான்ஸ்டபிள் ஃபிளாஸ்கோடு வந்து, "ஐயா ஏழு ஊறல் வாங்கிட்டு வரச் சொன்னாரு" என்று நிற்கிறார்.

நேற்றுக் கூட்டம் கலைந்த பிறகு எனக்கு நெஞ்செரிச்சல் வந்துவிட்டது. பழைய வியாதிதான், பதற்றம் வந்தால் கூடவே வரும். உங்கள் மகள் இடது கையால் ஒரு கிளாஸில் ஊறலை ஊற்றி, சிந்தச் சிந்த என் முன்னால் வைத்தாள்.

"குடிங்க மாமா. இது நெஞ்ச எரிக்காது. சூடு படாததால புளிப்பு கம்மி."

குடித்தேன். எரிச்சல் அடங்கினதா இல்லையா என்று கவனிக்கவில்லை. ருசி எங்கேயோ தெரிந்த மாதிரி இருந்தது.

"அன்னைக்கும் இதான் மாமா" என்றாள். "உங்களுக்குச் சூடா காபி குடிச்சா நெஞ்சு எரியும், ஆனா காபிய விட மாட்டீங்கன்னு அவரு சொன்னாரு. அதான் முந்தின நாள் மத்தியானமே ஊற வச்சேன். நீங்க ஆறிப்போச்சுன்னீங்க. சூடா இருந்திருந்தாத்தானே மாமா ஆறும்?"

"அன்னைக்கே சொல்லக் கூடாதாம்மா?"

"புதுசா வந்த வீடு. என்னன்னு சொல்றது? நீங்க வேற முகத்த அப்படிச் சுளிச்சீங்க."

சம்பந்தி, பெற்ற மகன் கூட என் நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்தானே தவிர, யோசித்து ஒன்றும் செய்ததில்லை. வந்து மூன்று நாள் ஆன பெண், கல்யாணக் களைப்போடு, எனக்காகப் பதினெட்டு மணி நேரம் ஊற வைத்திருக்கிறாள். நான் அதைச் சுட வைக்கச் சொல்லியிருக்கிறேன். "தப்பு என்மேலதாம்மா" என்று சொன்னேன். அவள், "கிளாஸ அங்கேயே வைங்க மாமா, நான் கழுவிக்கறேன்" என்றாள். ஒரு கையால் எப்படிக் கழுவுவாள்? நான்தான் கழுவினேன்.

ஆகவே, நீங்களே பாருங்கள். கடையால் கை உடைந்தது, கடையால் போலீஸ் வந்தது, ஓய்வெடுக்க வேண்டிய வயதில் நான் மிக்ஸி அடித்துக்கொண்டு நிற்கிறேன். ஒற்றை மாமனாரை நம்பி ஒரு பெண்ணை விட்டுவைப்பது சரியில்லை என்று நீங்கள் எழுதியது முழுக்க முழுக்கச் சரி. இருபதாம் தேதி வேனோடு வாருங்கள். அவளுடைய பெரிய பெட்டியைப் பரணிலிருந்து நானே இறக்கித் துடைத்து வைத்திருக்கிறேன்.

சம்பந்தி அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள், அந்த விஷயத்தில் சூட்டை மிஞ்ச எதுவும் கிடையாது. எல்லா நலமும் உங்கள் வீட்டில் நிறைந்து வழியட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள சம்பந்தி
(பாய்லர், ஓய்வு)

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடும் முன்பு, துணிமணி அடுக்க வசதியாக இருக்கட்டும் என்று பெட்டியைத் திறந்தேன். உள்ளே மூடி வரைக்கும் அவள் அடுக்கி வைத்த காகிதக் கிளாஸும் ஸ்ட்ராவும். துணி வைக்க இடமில்லை. சரி, இன்றைய ஊறலை எழுதலாம் என்று லாக் புத்தகத்தை எடுத்தேன். அடுத்த மாதம் முப்பது நாளுக்கும் கோடு போட்டு வைத்திருக்கிறாள். இடது கைக் கோடு, பாம்பு மாதிரி நெளிகிறது. ஒவ்வொரு வரியிலும் 'போடுபவர்: மருமகள், எடுப்பவர்: மாமா' என்று முப்பது தடவை எழுதியிருக்கிறாள். இருபதாம் தேதி நீங்கள் வருவது அவளுக்கும் தெரியும். போடுகிறவளை நீங்கள் கொண்டுபோய்விட்டால் நான் எதை எடுப்பது? மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். வேன் வேண்டாம். பஸ்ஸில் வாருங்கள், நாலு நாள் இருந்துவிட்டுப் போங்கள். வந்ததும் என் மருமகள் உங்கள் கையில் ஒரு கிளாஸ் கொடுப்பாள். ஜில்லென்று இருக்கும். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், ஆறிப்போச்சு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.